டேப்பில் எது உண்மையிலேயே பிடிக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி? (பெரியவர்கள், பகல் மையம்)

தாழங்குடை எழுதியது:

வணக்கம். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கான பகல் மையம் இது. மொத்தம் ஆறு பேர், வயது 22 முதல் 46 வரை. நாலு பேருக்குப் பேச்சு இல்லை, இருந்தாலும் ஒன்றிரண்டு சொல்தான். ஒருவருக்கு செரிப்ரல் பால்சி. சக்கர நாற்காலியில் இருக்கிறார், வலது கை மட்டும் ஓரளவு வரும். காலையில் பேப்பர் கவர் ஒட்டுவதும் ஊதுபத்தி பாக்கெட் போடுவதும் வேலை. நன்கொடையாக இரண்டு பத்து அங்குல டேப் வந்திருக்கிறது, ஒன்று ஐபேட், ஒன்று ஆண்ட்ராய்டு. வேலைக்கு நடுவே ஊக்கமாகவும் மதியத்தில் பொழுதுபோக்காகவும் கொடுக்கலாம் என்று எண்ணம்.

வீட்டில் கேட்டால் ஆறு குடும்பமும் "பாட்டுன்னா உசிரு" என்கிறது. பாட்டைப் போட்டால் இரண்டு பேர் அரை நிமிடத்தில் எழுந்து போய்விடுகிறார்கள். ஒருவர் எதைக் காட்டினாலும் வலது பக்கத்தையே தொடுகிறார். ஒருவர் எதையும் பார்ப்பதில்லை, விரலால் தள்ளிக்கொண்டே இருக்கிறார். இன்னொருவரிடம் டேப்பைத் திரும்ப வாங்கினால் கையைக் கடித்துக்கொள்கிறார்.

எத்தனை வீடியோ வைத்துப் பார்ப்பது, ஒவ்வொன்றையும் எவ்வளவு நேரம் காட்டுவது, எப்படிக் குறிப்பது? முறையாகச் செய்தவர்கள் சொல்லுங்கள்.

மூங்கில்பாலம் எழுதியது:

"பாட்டு பிடிக்கும்" என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எந்தப் பாட்டு, அதில் எந்த இடம், படமா சத்தமா என்பது வரை இறங்க வேண்டும். அதனால் குடும்பத்திடம் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். போன வாரம் அவராகவே போனைக் கொண்டுவந்து கையில் திணித்தது எப்போது, எதற்காக? அடுத்த அறையில் என்ன சத்தம் கேட்டால் எழுந்து வருவார்? எதைப் பின்னால் இழுத்து இழுத்துப் பார்க்கிறார்? எது வந்தால் காதைப் பொத்துகிறார்? வீட்டுப் போனில் யூடியூப் ஹிஸ்டரியைத் திறந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஒரே வீடியோ ஒரு வாரத்தில் பத்து முறை இருந்தால் அது பட்டியலில் முதல் வரி. அப்படி வரும் பட்டியலும் தொடக்கம்தான். கூடவே இருப்பவர்கள் சொல்லும் விருப்பமும் நேரில் தேர்வு செய்ய விட்டுப் பார்க்கும் விருப்பமும் பல சமயம் ஒத்துப்போவதில்லை. அதனால் சோதித்தே ஆக வேண்டும்.

ஆளுக்கு ஆறு வீடியோத் துண்டு போதும். ஒவ்வொன்றும் 30 முதல் 60 நொடி. முகப்பு, டைட்டில், "சப்ஸ்கிரைப் பண்ணுங்க" எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, அவருக்குப் பிடித்த இடத்திலேயே தொடங்கும்படி வையுங்கள். ஆறுக்கும் ஒரே அளவு சத்தம் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் உரக்க இருந்தால் அதைத்தான் தொடுவார், நீங்கள் அளந்தது சத்தத்தை. எல்லாம் டேப்பிலேயே இருக்கட்டும், நெட்டை அணைத்துவிடுங்கள். நடுவில் விளம்பரம் வந்தால் கணக்கு கெட்டுவிடும். சிலர் அந்த வீடியோவுக்கு முன்னால் வரும் விளம்பரத்தின் மெட்டுக்காகவே அதைத் தேர்வு செய்வார்கள். அப்படி ஒரு சந்தேகம் வந்தால் அந்த விளம்பரத்தையே ஏழாவது துண்டாக வைத்துவிடுங்கள்.

எந்த முறை என்பது ஆளைப் பொறுத்தது. சின்னப் படத்தைத் தொட்டால் அதன் வீடியோ ஓடும் என்பது அவருக்குப் புரிகிறதா என்று முதலில் பாருங்கள். பிடித்தது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு துண்டின் படத்தையும் வெறும் சாம்பல் நிறச் சதுரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடம் மாற்றி மாற்றி 10 முறை காட்டுங்கள். 8 முறைக்கு மேல் படத்தைத் தொட்டால் புரிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

புரிகிறவருக்கு ஐந்து படம் வைக்கும் முறை வேகமானது. 1996இல் டிலியான், இவாடா என்ற ஆய்வாளர்கள் எழுதி வைத்த முறை இது. ஆறு துண்டில் ஐந்தின் படத்தை வரிசையாகக் காட்டி "எது வேணும்?" என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். தொட்டது 30 நொடி ஓடட்டும். பிறகு அந்தப் படத்தை எடுத்துவிட்டு, மிச்சம் நாலையும் இடம் மாற்றி வைத்து மறுபடி கேளுங்கள். கடைசி ஒன்று வரை போங்கள். 30 நொடிக்குள் எதையும் தொடாவிட்டால் அந்தச் சுற்று அதோடு முடிந்தது, வற்புறுத்த வேண்டாம். மூன்று சுற்று, முடிந்தால் மூன்று நாளில். கணக்கு எளிது: எத்தனை முறை எடுத்தார் என்பதை, எத்தனை முறை அது அவர் முன்னால் இருந்தது என்பதால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். மூன்று சுற்றிலும் முதலில் எடுத்தது 3/3, அதாவது 100 சதவீதம். இரண்டாவது, மூன்றாவது, இரண்டாவது என்று எடுத்தது 3/7, சுமார் 43. மூன்றிலும் கடைசியாக எடுத்தது 3/15, அதாவது 20.

ஐந்து படம் ஒரே நேரத்தில் இருந்தால் திணறுகிறவருக்கு இரண்டிரண்டாகக் காட்டுங்கள். இது 1992இல் ஃபிஷர் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் செய்த முறை. ஆறு துண்டென்றால் 15 ஜோடி வரும், ஒவ்வொரு துண்டும் ஐந்து ஜோடியில் இருக்கும். ஐந்தில் நாலோ ஐந்தோ முறை எடுத்தால் அது மேல்தட்டு விருப்பம். உங்களிடம் இரண்டு டேப் இருப்பது இங்கேதான் உதவும். படம் புரியாதவருக்கும் இதைச் செய்யலாம். இரண்டு டேப்பையும் ஒரு முழத்துக்குக் குறையாத இடைவெளியில் வைத்து, முதலில் இடது பக்கத்தை 5 நொடி ஓட்டி நிறுத்துங்கள், பிறகு வலது பக்கத்தை 5 நொடி. இரண்டையும் பார்த்த பிறகு "எடுத்துக்கங்க" என்று விடுங்கள். கை போன டேப் 30 நொடி ஓடும், மற்றது உடனே விலக வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டால் கையை மெல்ல விலக்கிவிட்டு மீண்டும் காட்டுங்கள். ஒன்று ஐபேட், ஒன்று ஆண்ட்ராய்டு என்பதால் ஒரே மாதிரி உறை போடுங்கள், திரை வெளிச்சத்தைச் சமமாக்குங்கள், டேப்பையும் பக்கம் மாற்றிக்கொண்டே இருங்கள். இல்லாவிட்டால் அவர் தேர்வு செய்வது உறையின் நிறமாக இருக்கும்.

கை நீட்டவே மாட்டார், தேர்வு என்பதே பிடிபடவில்லை என்றால் ஒன்றொன்றாகக் காட்டி நேரத்தை அளக்க வேண்டும். ஒரு துண்டுக்கு 2 நிமிடம் (துண்டு சின்னதென்றால் திரும்பத் திரும்ப ஓடும்படி வையுங்கள்), தாளில் 12 கட்டம், 10 நொடிக்கு ஒரு கட்டம். திரையைப் பார்த்தாரா, சாய்ந்து வந்தாரா, சத்தம் எழுப்பினாரா, தள்ளிவிட்டாரா? முதல் மூன்றில் ஏதாவது இருந்தால் டிக், தள்ளினால் பெருக்கல் குறி. இது ஒவ்வொருவருக்கும் வேறு மாதிரி. ஒருவருக்குக் கையை உதறுவது மகிழ்ச்சி, இன்னொருவருக்கு அது பதற்றம். வீட்டாரிடம் கேட்டு முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பேர் இரண்டு விதமாகக் குறிப்பீர்கள். ஒரே துண்டை இரண்டு பணியாளர்கள் தனித்தனியாகக் குறித்துப் பார்த்து, 12 கட்டத்தில் குறைந்தது பத்து ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்த பிறகு தொடங்குங்கள்.

கையைக் கடித்துக்கொள்பவருக்கு மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். ஒவ்வொரு 30 நொடிக்கும் பறிப்பது போலத்தான் அவருக்கு இருக்கும். அவர் முன்னால் ஐந்து படத்தையும் விட்டுவிட்டு, எதையும் எடுக்காமல், 5 நிமிடம் அவர் இஷ்டத்துக்கு விடுங்கள். எதில் எத்தனை நொடி இருந்தார் என்பதை மட்டும் தூரத்தில் இருந்து குறித்தால் போதும். இதனால் முழு வரிசை கிடைக்காது, ஒரே ஒன்றில் ஐந்து நிமிடமும் போய்விடலாம். அந்த ஒன்று கிடைத்ததே பெரிய செய்தி. மறுநாள் அதை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை வைத்தால் இரண்டாவது இடம் தெரியும்.

கடைசியாக, பலரும் விட்டுவிடும் பகுதி. முதலிடம் வந்தது வேலைக்கு ஊக்கம் தருமா என்பது வேறு கேள்வி. மூன்று நாள், டேப் இல்லாமல், 10 நிமிடத்தில் எத்தனை கவர் ஒட்டுகிறார் என்று எண்ணுங்கள். அடுத்த மூன்று நாள், ஒவ்வொரு மூன்று கவருக்கும் ஒரு நிமிடம் அந்தத் துண்டு. துண்டு ஓடும் நேரத்தை 10 நிமிடக் கணக்கில் சேர்க்காதீர்கள். எண்ணிக்கை ஏறினால் அது ஊக்கி. ஏறவில்லை என்றால் முதலிடமாகவே இருந்தாலும் அது மதியப் பொழுதுக்கு உரியது, வேலைக்கு வேறு தேடுங்கள்.

விரல்நுனி எழுதியது:

வலது பக்கத்தையே தொடுகிறவர் பற்றி மட்டும். இதை "வலது பக்கம் பிடிக்கிறது" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். நாலு காரணம் இருக்கலாம்: இடது பக்கப் பார்வை குறைவாக இருக்கலாம், இடது பக்கம் கை எட்டாமல் இருக்கலாம், உட்காரும் விதத்தில் உடம்பே வலப்புறம் சாய்ந்திருக்கலாம், இல்லை வெறும் பழக்கமாக இருக்கலாம். கண்டுபிடிக்க, பிடித்த துண்டை இடது பக்கமும் கறுப்புத் திரையை வலது பக்கமும் வைத்து நாலு முறை காட்டுங்கள். அப்போதும் வலது பக்கக் கறுப்பையே தொட்டால் அவர் உள்ளடக்கத்தைத் தேர்வு செய்யவில்லை. உடனே இரண்டு டேப்பையும் மேலும் கீழுமாக வையுங்கள். பெரும்பாலும் இதுவே போதும். அதிலும் கீழே இருப்பதையே தொட்டால் எட்டும் தூரம்தான் சிக்கல், கிட்டக் கொண்டு வாருங்கள். பார்வை பற்றிய சந்தேகம் இருந்தால் கண் மருத்துவரிடம் காட்டாமல் சோதனையைத் தொடர வேண்டாம்.

செரிப்ரல் பால்சி உள்ளவருக்கு முதலில் சரிசெய்ய வேண்டியது உட்காரும் விதம். இடுப்பு பின்னால் ஒட்டி, பாதம் பலகையில் பதிந்து, முழங்கை தாங்கலில் இருந்தால்தான் விரல் நினைத்த இடத்துக்குப் போகும். டேப்பை மேசையில் தட்டையாக வைக்காதீர்கள். 30 முதல் 45 டிகிரி சாய்வில், வலது கை தானாக விழும் இடத்தில் கிளாம்பில் பிடியுங்கள். டியூப்லைட் திரையில் வெள்ளைக் கோடாகத் தெரிகிறதா என்று அவர் கண் உயரத்துக்கு உங்கள் தலையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது.

ஐபேடில் செட்டிங்ஸ், அக்ஸசிபிலிட்டி, டச், அதற்குள் டச் அகாமடேஷன்ஸ். அதில் மூன்று விஷயம். ஹோல்ட் டியூரேஷனை (விரல் எவ்வளவு நேரம் பட்டிருந்தால் தொடுதல் என்பது) 0.3 நொடியில் தொடங்குங்கள், உரசிப் போகும் தொடுதல் கணக்கில் வராது. இக்னோர் ரிபீட் போட்டால் நடுக்கத்தில் விழும் இரண்டாவது மூன்றாவது தட்டு விலகிவிடும். டேப் அசிஸ்டன்ஸ் (தட்டல் உதவி) என்பதில் கடைசியாகத் தொட்ட இடத்தை எடுக்கும்படி வைத்தால், விரல் எங்கே இறங்கினாலும் வழுக்கிக்கொண்டு போய் எங்கே தூக்குகிறாரோ அதுதான் தேர்வு. செரிப்ரல் பால்சியில் இந்த ஒரு மாற்றம் பெரிய வித்தியாசம் செய்யும். ஹோல்ட் டியூரேஷனை ஒரு நொடிக்குக் கொண்டுபோய்விடாதீர்கள், "தொட்டேன், ஒன்றும் நடக்கவில்லை" என்று கையை எடுத்துவிடுவார்.

உள்ளங்கை திரையில் படிந்தால் விரல் தொடுவதைத் திரை தவறாக எடுத்துக்கொள்ளும். பெயர்ப்பலகை வெட்டும் கடையில் 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் தகட்டில் இரண்டு ஜன்னல் மட்டும் வெட்டி மேலே பொருத்தினால் கை தகட்டில் ஊன்றும், விரல் ஜன்னலுக்குள் இறங்கும். ஓரத்தை உப்புத்தாள் போட்டு மழுக்கச் சொல்லுங்கள். எச்சில் வழிந்தாலும் வியர்த்தாலும் திரை தப்பாக வேலை செய்யும், பக்கத்தில் ஒரு காய்ந்த துணி வையுங்கள்.

இவ்வளவும் செய்தும் விரல் வராவிட்டால் பெரிய பொத்தான் சுவிட்ச் இருக்கிறது. ஐபேடில் சுவிட்ச் கன்ட்ரோல், ஆண்ட்ராய்டில் சுவிட்ச் ஆக்சஸ். படங்கள் ஒவ்வொன்றாக ஒளிரும், வேண்டியது ஒளிரும்போது அழுத்த வேண்டும். ஒன்றில் இருந்து அடுத்ததற்கு 3 நொடியில் தொடங்குங்கள். இதிலும் ஒரு பொறி உண்டு. முதலில் ஒளிர்வதையே எப்போதும் அழுத்தினால் அது விருப்பமாக இல்லாமல் பொறுமையின்மையாக இருக்கலாம், வரிசையை மாற்றிப் பாருங்கள். சுவிட்ச் வாங்கப் பணம் இல்லாத வரைக்கும் ஒரு பணியாளர் ஒவ்வொரு படமாகக் காட்டி "இதுவா?" என்று கேட்டு, அவர் கண் மேலே போவதையோ தலை அசைவதையோ ஆமாம் என்று எடுத்துக்கொள்ளலாம். கேட்கும் குரல் எல்லாப் படத்துக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நமக்குப் பிடித்த இடத்தில் நம் குரல் நம்மை அறியாமல் ஏறும்.

கோடைமழை எழுதியது:

தள்ளிக்கொண்டே இருப்பவர் பத்தி யாரும் சொல்லல. அவருக்கு வேண்டியது வீடியோவே இல்லாம இருக்கலாம். விரல் பட்டா திரை ஓடுது பாருங்க, அந்த ஓட்டம், வெளிச்சம் மாறுறது, அதுதான் அவருக்கு இனிப்பு. அதைப் பிரிச்சுப் பாக்கணும். ஒரே துண்டை மூணு விதமா, ஒவ்வொண்ணும் ரெண்டு நிமிஷம் வைங்க. முதல்ல விரல் பட்டாலும் ஒண்ணும் ஆகாதபடி. ஐபேட்ல கைடட் ஆக்சஸ் (ஒரே ஆப்புல பூட்டி வைக்கிற வசதி) ஆன் பண்ணி, மேல இருக்கற பட்டனை மூணு தடவ அழுத்துனா (பழைய மாடல்ல ஹோம் பட்டன்) டச்சையே அணைக்கிற வசதி வரும். அடுத்து டச்சைத் திறந்து விட்டு. மூணாவது, டேப்பைக் குப்புறப் போட்டு சத்தம் மட்டும். எதுல உக்காந்திருக்கார்னு பாருங்க. மூணாவதுல உக்காந்தா அவருக்கு டேப்பே வேண்டாம், ஒரு புளூடூத் ஸ்பீக்கர் போதும். ரெண்டாவதுல மட்டும் உக்காந்தா, தொட்டா நிறம் பரவுற, தண்ணி அலையற, மணி அடிக்கிற மாதிரி ஆப் தேடுங்க, வீடியோவை விட்ருங்க. ஆண்ட்ராய்டுல ஆப் பின்னிங் இருக்கு, அது ஆப்பை விட்டு வெளிய போகாமத்தான் தடுக்கும், டச்சை அணைக்காது. அதனால இந்தச் சோதனைக்கு ஐபேடையே வைங்க.

இப்ப என்னத்தத் தேடுறதுங்கறது. மையத்துல இருக்கறவங்க பெரும்பாலும் சினிமாப் பாட்டு, காமெடி சீன், நர்சரி ரைம்ஸ்னு மூணோட நிறுத்திடறாங்க. பெரியவங்க உலகம் அவ்வளவு சின்னது இல்ல. பஸ் ஸ்டாண்டுல நின்னு எடுத்த வீடியோ, கியர் மாத்துற சத்தத்தோட. ரயில் பிளாட்பாரத்துக்குள்ள நுழையறது, அறிவிப்புக் குரலோட. பாம்பன் பாலத்து மேல ரயில் போறது. தேர் இழுக்கறது, வடம் பிடிக்கிற கூச்சல். தவில் தனி. ஜல்லிக்கட்டு வாடிவாசல். பரோட்டா மாவை வீசி அடிக்கிறது, கொத்து பரோட்டா தட்டுற சத்தம். மண்பானை சக்கரத்துல ஏறுறது, ஜேசிபி மண்ணள்ளுறது, வாஷிங் மெஷின் சுத்துறது. மாவரைக்கிற கிரைண்டர் கல்லு உருளுறத மணிக்கணக்கா பாக்கறவங்க உண்டு. இதெல்லாம் ஒவ்வொரு வகையில ஒரு துண்டு வச்சு ஆரம்பிங்க. எந்த வகை ஜெயிக்குதோ அந்த வகைக்குள்ளயே ஆறு துண்டு எடுத்து ரெண்டாவது சோதனை. பஸ் ஜெயிச்சதுன்னா, உள்ளேருந்து எடுத்ததா, வெளியேருந்து எடுத்ததா, ஹாரனா, இன்ஜினா, கண்டக்டர் விசிலா? அதுக்குள்ள போனாத்தான் அடுத்த துண்ட நீங்களா தேட முடியும்.

வீட்ல எடுத்த வீடியோவை மறக்காதீங்க. அம்மா பேர் சொல்லிக் கூப்பிடறது, அண்ணன் பைக் ஸ்டார்ட் பண்றது, வீட்டு நாய். 20 நொடி போதும், செல்போனைப் படுக்க வச்சு எடுக்கச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு. அம்மா குரலைக் கேட்டு வாசலுக்குப் போய் நின்னுட்டார்னா, அது அவருக்கு ஊக்கமா இல்ல, ஏக்கமாயிடுச்சு. அந்தத் துண்ட மையத்துல போட வேண்டாம்.

நர்சரி ரைம்ஸ் பத்தி என் கருத்து: 40 வயசுக்காரர் அதைத்தான் எடுக்கிறார்னா அதைத் தடுக்கற உரிமை நமக்கு இல்ல. ஆனா வேற எதையுமே காட்டாம அதை மட்டும் காட்டிட்டு "அவருக்கு அதுதான் பிடிக்கும்"னு எழுதறது தப்பு. அதே தாளக்கட்டுல நாட்டுப்புறப் பாட்டு, கும்மி, பஜனை கைத்தட்டல்னு நாலு வச்சுப் பாருங்க. பல பேருக்கு வேண்டியது அந்தத் திரும்பத் திரும்ப வர்ற அடிதான், கார்ட்டூன் இல்ல. இன்னொண்ணு, அவங்களப் பத்தி எழுதும்போது "பையன்", "குழந்தை"ன்னு எழுத வேண்டாம்.

தாழங்குடை எழுதியது:

மூவருக்கும் நன்றி. அச்செடுத்துச் சுவரில் ஒட்டும் அளவுக்கு இருக்கிறது. மூன்று சந்தேகம். 15 ஜோடியையும் ஒரே அமர்வில் முடிக்க வேண்டுமா? கையைக் கடிப்பவரிடம் துண்டு கண்டுபிடித்த பிறகும் டேப்பைத் திரும்ப வாங்கித்தானே ஆக வேண்டும், அதற்கு என்ன வழி? மூன்றாவது, ஒருவர் பேசுவதற்கு ஆவாஸ் ஆப் (படத்தைத் தொட்டால் சொல்லைப் பேசும் ஆப்) பயன்படுத்துகிறார், குடும்பம் கொடுத்தனுப்பும் டேப்பில். அதிலேயே வீடியோவும் போட்டுவிடலாமா?

மூங்கில்பாலம் எழுதியது:

ஜோடிக்கு 45 நொடி என்றாலும் 15 ஜோடிக்கு 11 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஐந்து ஐந்தாக மூன்று அமர்வாகப் பிரியுங்கள், ஆனால் மூன்றும் ஒரே நேரத்தில் இருக்கட்டும், சாப்பாட்டுக்கு முன் என்றால் எப்போதும் சாப்பாட்டுக்கு முன். வீட்டில் காலையில் இரண்டு மணி நேரம் போன் பார்த்துவிட்டு வந்த நாளில் செய்தால் எல்லாமே சப்பென்று இருக்கும். அன்று காலையில் வீட்டில் என்ன பார்த்தார் என்பதைத் தாளின் மூலையில் ஒரு வரி எழுதுங்கள். தீனியையும் வீடியோவையும் ஒரே சோதனையில் கலக்காதீர்கள். முறுக்கு பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் முறுக்குதான் ஜெயிக்கும், வீடியோக்களின் வரிசை தெரியாமலே போகும்.

திரும்ப வாங்குவது. பாட்டின் நடுவில் 30 நொடியில் வெட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது? துண்டை இயல்பாக முடியும் இடத்தில் வெட்டுங்கள். சரணம் முடிந்து பல்லவி திரும்பும் இடம், பஸ் கிளம்பி மறையும் இடம், தேர் நிலைக்கு வரும் இடம். கடைசி 3 நொடியில் சத்தம் தேய்ந்து அடங்கட்டும், பிறகு 5 நொடி கறுப்புத் திரை. ஊக்கமாகக் கொடுக்கும்போது 30 நொடியில் நிற்காதீர்கள். வீடியோ போன்றவற்றின் மதிப்பு பல சமயம் அதிக நேரம் கிடைத்தால்தான் ஏறும். அடிக்கடி அரை நிமிடம் கொடுப்பதை விட, கவரைச் சேர்த்து ஒட்டவிட்டு ஒரே முறை நாலு நிமிடம் கொடுத்துப் பாருங்கள்.

அடுத்து, திரும்பக் கொடுப்பதையே தனியாகப் பழக்க வேண்டும், வேலை இல்லாத நேரத்தில். துண்டு முடிந்து திரை கறுப்பான கணத்தில் உங்கள் உள்ளங்கையை நீட்டுங்கள். அவர் டேப்பை வைத்தவுடன், ஒரு நொடி கூடத் தாமதிக்காமல், அடுத்த துண்டை ஓட்டித் திருப்பிக் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து முறை. கை பதறாமல் வரத் தொடங்கிய பிறகு 5 நொடி கழித்துக் கொடுங்கள், பிறகு 10, 20, 40. எந்த இடத்தில் முகம் மாறுகிறதோ அதற்கு முந்திய படிக்குத் திரும்புங்கள். டேப்பை வாங்கியதும் அவருக்கு மிகக் கடினமான வேலையை முன்னால் வைக்காதீர்கள். தண்ணீர் குடிப்பது, கை கழுவுவது என்று நடுவில் லேசாக ஏதாவது இருக்கட்டும். ஐபேடின் கைடட் ஆக்சஸில் நேர வரம்பு இருக்கிறது, முடிவதற்கு முன் ஒலியாகவோ பேச்சாகவோ எச்சரிக்கும்படி வைக்கலாம். நேரம் முடிந்ததும் திரை தானே நின்றுவிடும், நிறுத்தும் ஆள் நீங்கள் அல்ல என்பதே பதற்றத்தைக் குறைக்கும். தோல் கிழியும் அளவுக்குக் கடிக்கிறார் என்றால் இதை மையத்திலேயே தனியாக முயலாமல், நடத்தைச் சிகிச்சை தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பல்வலி, காதுவலி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

ஆவாஸ் உள்ள டேப்பில் வீடியோ போட வேண்டாம். அது அவர் வாய். வீடியோ பார்க்கும் கருவியும் பேசும் கருவியும் ஒன்றானால், வீடியோ நேரம் முடிந்ததும் பேச்சையும் சேர்த்து எடுத்துக்கொண்டதாக ஆகும். அவர் டேப் எப்போதும் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், தண்டனையாகவோ சார்ஜ் போடவோ கூட எட்டாத இடத்துக்குப் போகக் கூடாது. மாறாக, சோதனையில் ஜெயித்த துண்டுகளின் பெயரை ஆவாஸில் படத்தோடு சேருங்கள். "பஸ் வீடியோ", "தேர்", "போதும்", "வேற". "போதும்" இருக்க வேண்டியது மிக முக்கியம், அதைத் தொட்டால் உடனே நிறுத்த வேண்டும்.

புளியமரத்தடி எழுதியது:

முறையெல்லாம் சரி, ஒரு இடத்தில் நிறுத்திக் கேட்க வேண்டும். ஜெயித்த துண்டை எல்லாம் வேலைக்கு ஊக்கம் என்று எடுத்துக்கொண்டால் மதியத்துக்கு என்ன மிச்சம்? இவர்கள் பெரியவர்கள். பொழுதுபோக்கு சம்பாதித்தால்தான் கிடைக்கும் என்ற நிலை வேறு எந்த வேலையாளுக்கும் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கெடுக்கும் உரிமையைப் பற்றியே பேசுகிறது. அதனால் மதியம் அரை மணி நேரம், காலையில் எத்தனை கவர் ஒட்டினார் என்பதற்குச் சம்பந்தமே இல்லாமல், அவர் கையில் டேப் இருக்கட்டும். வேலைக்கு ஒரே ஒரு துண்டையோ ஒரு வகையையோ மட்டும் ஒதுக்குங்கள், மற்றதெல்லாம் மதியத்துக்கு. ஊதுபத்தி பாக்கெட்டில் ஒருவருக்கு ஆர்வமே வரவில்லை என்றால், வீடியோவைத் தேடுவதற்கு முன் வேலையை மாற்றிப் பார்க்கலாம். வாசனை ஒத்துக்கொள்ளாதவர்களும் இருப்பார்கள்.

சோதனையை வீடியோ எடுத்தால் அவருடைய சம்மதத்தையும், அவரால் சொல்ல முடியாவிட்டால் குடும்பத்தின் எழுத்துச் சம்மதத்தையும் வாங்குங்கள். பணியாளரின் சொந்தப் போனில் எடுக்க வேண்டாம். அவர் எழுந்து போனால் அதுதான் அன்றைய பதில், கையைப் பிடித்து உட்கார வைக்காதீர்கள்.

விரல்நுனி எழுதியது:

மேலே சொன்னதை ஏற்கிறேன். விட்டுப்போன இரண்டு மட்டும் சேர்க்கிறேன். ஆறு பேரில் யாருக்காவது வலிப்பு உண்டா என்று பதிவேட்டைப் பாருங்கள். ஒரு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் வெளிச்சம் வெட்டும் பாட்டுத் துண்டு, பட்டாசு, மேடை விளக்கு எதுவும் அவருக்கு வேண்டாம். ஐபேடில் அக்ஸசிபிலிட்டியில் டிம் ஃப்ளாஷிங் லைட்ஸ் (வெட்டும் வெளிச்சத்தை மங்கலாக்கும் வசதி) இருக்கிறது, போட்டு வைக்கலாம், ஆனால் எல்லா வீடியோவிலும் வேலை செய்யாது, அதை மட்டும் நம்ப வேண்டாம். அறை விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் பார்க்க விடாதீர்கள்.

இரண்டாவது, இந்த வரிசை நிரந்தரம் இல்லை. ஆட்டிசம் உள்ள சிலர் ஒரே துண்டை மாதக்கணக்கில் பார்ப்பார்கள், வேறு சிலருக்கு ஒரு வாரத்தில் சலித்துவிடும். தினமும் தொடங்கும்போது முதல் மூன்றை மட்டும் காட்டி "இன்னிக்கு எது?" என்று கேட்டு, எடுத்ததைக் குறித்து வையுங்கள், ஒரு நிமிட வேலை. முன்பு முதலிடத்தில் இருந்ததை மூன்று நாள் தொடர்ந்து தொடாவிட்டால் புதிதாக இரண்டு துண்டு சேர்த்து ஐந்து படச் சோதனையை ஒரு சுற்று போடுங்கள். தாளில் ஆள் பெயருக்குப் பக்கத்தில் தேதி, நேரம், யார் காட்டினார்கள் என்று மூன்றும் இருக்கட்டும். ஒரு பணியாளர் காட்டும்போது மட்டும் ஒரு துண்டு ஜெயிக்கிறது என்றால், அவர் அந்தத் துண்டுக்குச் சேர்ந்து பாடுகிறாரா என்று பாருங்கள்.